பெரிய வட்டம் என்றால் நல்ல மருந்தா?

நோயாளியின் புண்ணிலிருந்து எடுத்த மாதிரியில் பாக்டீரியா வளர்ந்துவிட்டது. சரி, அதை எந்த ஆன்டிபயாட்டிக் அடக்கும்? மருந்து ஊறிய காகித வில்லைகளைப் பாக்டீரியா தடவிய தட்டில் வைத்துப் பார்க்கும் பழக்கம் முன்பே இருந்தது. ஆனால் ஆளுக்கொரு விதமாகச் செய்ததால் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. 1966-இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பாவர், கர்பி, ஷெரிஸ், டர்க் ஆகிய நால்வரும் அதை ஒரே சீரான முறையாக்கி வெளியிட்டார்கள். இன்றும் உலகெங்கும் நடக்கும் கர்பி-பாவர் சோதனை அதுதான்.

மில்லிலிட்டருக்குச் சுமார் 15 கோடி பாக்டீரியா இருக்கும் அளவுக்குக் கலங்கலான நீரைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு, முல்லர்-ஹின்டன் அகார் என்ற, பாக்டீரியா வளரும் கூழ் நிரப்பிய தட்டு முழுக்கத் தடவுகிறார்கள். அதன்மேல் 6 மி.மீ. அகல வில்லைகள். 35 டிகிரி செல்சியஸில் 16 முதல் 18 மணி நேரம் விட்டால், பாக்டீரியா வெண்படலமாகப் பரவியிருக்கும். மருந்து வேலை செய்த வில்லையைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் தெரியும்.

அந்த வட்டத்தின் விளிம்பு ஒரு பந்தயத்தின் முடிவு. மருந்து அகாரில் கசிந்து, போகப்போக நீர்த்துக்கொண்டே பரவுகிறது. அதே நேரத்தில் பாக்டீரியாவும் பெருகுகிறது. அடக்க முடியாத அளவுக்குப் பாக்டீரியா பெருகிவிட்ட இடத்தில் விளிம்பு விழுகிறது. முதல் சில மணி நேரத்திலேயே இது ஏறக்குறைய முடிவாகிவிடும். அகாரின் தடிமன் 4 மி.மீ. என்று வரையறுத்ததும் இதனால்தான். தடிமன் கூடினால் மருந்து ஆழத்திலும் பரவி, வட்டம் சுருங்கும். பாக்டீரியாவை அடர்த்தியாகத் தடவினாலும் அப்படியே.

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பெரிய வட்டம் தந்த மருந்துதான் வலிமையானது என்று சொல்லிவிட முடியாது. வான்கோமைசின் என்ற மருந்தின் மூலக்கூறு பெரியது. அகாரில் மெதுவாகத்தான் நகரும், அதனால் வட்டமும் சிறிதாகவே இருக்கும். ஆகவே ஒவ்வொரு மருந்துக்கும், ஒவ்வொரு வகைப் பாக்டீரியாவுக்கும் தனித்தனி எல்லை அளவு உண்டு. அளந்த விட்டத்தை அந்த அட்டவணையோடுதான் ஒப்பிட வேண்டும். கொலிஸ்டின் என்ற மருந்துக்கோ வில்லை முறையையே நம்ப முடியாது.

வட்டத்தின் அளவைப் போலவே அதன் வடிவமும் முக்கியம். ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைத் தடவிய தட்டில் எரித்ரோமைசின், கிளின்டமைசின் வில்லைகளை அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். சில பாக்டீரியாக்களின் எதிர்ப்பு மரபணு தூங்கிக்கொண்டிருக்கும். எரித்ரோமைசின் பட்டதும் விழித்துக்கொள்ளும். அப்போது கிளின்டமைசினின் வட்டம் எரித்ரோமைசின் பக்கம் மட்டும் தட்டையாகி, ஆங்கில எழுத்து 'D' போல நிற்கும். அப்படித் தெரிந்தால், தனியாக வைத்தபோது அழகான பெரிய வட்டம் தந்த கிளின்டமைசினையும் அறிக்கையில் 'எதிர்ப்பு உண்டு' என்றே எழுத வேண்டும்.