கியூரேட்டர்: காப்பாட்சியரா, தொகுப்பாளரா?

பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் 'கியூரேட்டர்' என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தம் உண்டு. 1865இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் இந்தச் சாலையில்தான் இருக்கிறது. அதைப் போன்ற இடங்களில் கியூரேட்டர் என்றால் ஓர் அதிகாரி. சிலை, நடுகல், பழங்காசு எல்லாம் அவர் பொறுப்பில் இருக்கும். அதே சாலையில் 2023இல் திறந்த மேப் என்கிற கலை, புகைப்பட அருங்காட்சியகத்துக்கும், நகரத்தின் மற்ற கலைக்கூடங்களுக்கும் போனால், சுவரில் ஓவியர் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் இருக்கும். அந்தக் கண்காட்சியை யோசித்து அமைத்த கியூரேட்டர் அவர். சாலை எம்.ஜி. ரோட்டைத் தொடும் முனைக்குப் பக்கத்தில் சின்னசாமி மைதானம். அங்கே கியூரேட்டர் என்றால் பிட்ச்சுக்குத் தண்ணீர் விட்டு, உருளை ஓட்டி, புல்லை எவ்வளவு விடலாம் என்று பார்க்கிறவர். கேலரி என்ற சொல்லும் இப்படித்தான்: மைதானத்தில் டிக்கெட் வாங்கி உட்காரும் இடம், கலைக்கூடத்தில் படம் மாட்டும் இடம்.

தமிழர்களில் பெரும்பாலோருக்கு இந்தச் சொல் கிரிக்கெட் வழியாகத்தான் பழக்கம். ஆஸ்திரேலியாவில் மைதானத்தைப் பராமரிக்கிறவரை அப்படித்தான் அழைக்கிறார்கள். நம் ஊரிலும் அந்த வழக்கம் ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், மூன்று பேரில் சொல்லின் ஆதிப் பொருளுக்கு ரொம்ப நெருக்கமாக இருக்கிறவர் பிட்ச் போடுகிறவர்தான்.

மூலம் லத்தீன். 'கூரா' என்றால் அக்கறை, கவனிப்பு, பராமரிப்பு. அதைச் செய்கிறவர் 'கூராட்டோர்'. பழைய ரோமில் அது அரசுப் பதவி. சாலைகளுக்கு ஒருவர், நகரத்துக் குடிநீருக்கு ஒருவர் என்று நியமித்தார்கள். கி.பி. 97இல் குடிநீருக்குப் பொறுப்பேற்ற ஃப்ரான்டினஸ், நீர்க்கால்வாய்களைப் பற்றி ஒரு நூலே எழுதி வைத்திருக்கிறார். குழாயைத் துளைத்துத் தண்ணீர் திருடுகிறார்கள் என்ற புகாரும் அதில் உண்டு. டேங்கர் லாரிக்குக் காத்திருக்கும் பெங்களூருக்காரர்களுக்கு அந்தப் புகார் அந்நியமாகத் தெரியாது. ரோமானியச் சட்டத்தில் இன்னொரு பொருளும் இருந்தது: தன் சொத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்காக அதைக் கவனிக்கும் பாதுகாவலர்.

இதே வேரிலிருந்து கிளைத்த சொற்கள் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. பியூட்டி பார்லரில் சொல்லும் மெனிக்யூர், பெடிக்யூர் இரண்டின் வாலும் இந்தக் கூராதான். வீடு கட்டும்போது மேஸ்திரி, "தளத்துக்குக் கியூரிங் விட்டாச்சா?" என்று கேட்பாரே, அதுவும் இதே குடும்பம். கான்கிரீட் காய்ந்து வெடித்துவிடாமல் நாள்கணக்கில் தண்ணீர் விட்டுக் கவனித்துக்கொள்வது.

அக்கறை என்ற பொருளிலிருந்து காட்டுதல் என்ற பொருளுக்கு இந்தச் சொல் எப்போது நகர ஆரம்பித்தது? எனக்குப் பிடித்த ஒரு புள்ளி 1662. லண்டனின் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் விஞ்ஞானி ராபர்ட் ஹூக்குக்குக் கொடுத்த பதவியின் பெயர் 'சோதனைகளின் கியூரேட்டர்'. கூட்டம் கூடும்போதெல்லாம் புதுப்புது அறிவியல் சோதனைகளைத் தயார்செய்து உறுப்பினர்கள் கண்முன் செய்து காட்டுவது அவர் வேலை. பொருளைப் பூட்டி வைத்துக் காப்பது அந்தப் பதவியின் வேலை அல்ல. எதைக் காட்டுவது, எப்படிக் காட்டுவது என்பதுதான் பொறுப்பு. இன்றைக்குக் கலைக்கூடத்தில் நடக்கிற வேலைக்கு இது ரொம்பப் பக்கத்தில் வருகிறது.

அப்புறம் அருங்காட்சியகங்கள் பெருகின. கியூரேட்டர் சேகரிப்பின் காவலர் ஆனார். 1969இல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரக் கலைக்கூடத்தில் அதன் இயக்குநர் ஹரால்ட் ஸேமன் நடத்திய கண்காட்சி அந்தப் பிம்பத்தை உடைத்தது. கலைஞர்கள் கூடத்துக்கே வந்து வேலை செய்தார்கள். ரிச்சர்ட் செர்ரா ஈயத்தை உருக்கிச் சுவரோரம் வீசினார்; மைக்கேல் ஹைசர் கூடத்துக்கு வெளியே இருந்த நடைபாதையை இடித்துப் பள்ளமாக்கினார். ஊரே கொந்தளித்தது. ஸேமன் பதவியை விட்டு விலகி, எந்த நிறுவனத்தையும் சாராமல் கண்காட்சிகள் அமைக்கத் தொடங்கினார். 1972இல் ஜெர்மனியின் கஸெல் நகரத்தில் டாக்குமென்டா என்ற பெரிய கலைக் கண்காட்சி ஐந்தாவது முறையாக நடந்தபோது அது அவர் பொறுப்பில் இருந்தது. கியூரேட்டர் என்றால் கண்காட்சியின் ஆசிரியர் என்கிற இன்றைய நிலை பெருமளவு அவர் வழியாக வந்தது. தன்னைக் 'கண்காட்சி செய்கிறவர்' என்ற பொருள் தரும் ஜெர்மன் சொல்லால் அழைத்துக்கொள்வதுதான் அவருக்கு இஷ்டம்.

இந்தியாவில் 2012இல் தொடங்கிய கொச்சி–முசிறிஸ் பியன்னாலே என்ற கலைவிழா இந்தச் சொல்லைச் செய்தித்தாள் வாசகர்வரை கொண்டுவந்தது என்று சொல்லலாம். அதற்கு வரிசையாகக் கலைஞர்களையே கியூரேட்டர் ஆக்கினார்கள். 2014இல் ஜிதிஷ் கல்லாட், 2016இல் சுதர்சன் ஷெட்டி, 2018இல் அனிதா துபே, 2022இல் ஷுபிகி ராவ். பெங்களூரிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற தமிழ் நண்பர்கள் நிறைய உண்டு. "இந்தத் தடவை கியூரேட்டர் யார்?" என்று விசாரித்துவிட்டுத்தான் டிக்கெட் போடுகிறார்கள். டைரக்டர் பெயர் பார்த்துப் படத்துக்குப் போகிற பழக்கம் அப்படியே இங்கேயும் வந்துவிட்டது.

அந்த வேலையைக் கிட்டத்தில் பார்த்தால்தான் என்ன சொல் பொருந்தும் என்று தெரியும். பெங்களூரில் ஒரு கூடத்தில் படம் மாட்டுகிற நாளன்று உள்ளே இருந்தேன். சுவரோரமாக ஃபோம் துண்டுகளின் மேல் படங்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒன்றுகூட இன்னும் மேலே ஏறவில்லை. கியூரேட்டர் மேடம் அவற்றை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். ஒரு தெருவின் பகல் படமும் இரவுப் படமும் முதலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பிறகு எதிரெதிர்ச் சுவருக்குப் போயின. கடைசியில் இரவுப் படம் மட்டும் அடுத்த அறையின் வாசலுக்கு நேராக நின்றது. பகல் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் கண்ணில் தூரத்தில் அது படும். அதற்கப்புறம்தான் ஆசாரி நூல் பிடித்தார். படத்தின் நடுமையம் தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் வரவேண்டும். நின்று பார்க்கிறவரின் கண்மட்டம் அது. ரசமட்டத்தை ஃபிரேமின் மேல் வைத்துப் பார்த்தார். "ஸ்வல்ப மேலே," என்றார் மேடம். கொஞ்சம் என்று பொருள். இங்கே தமிழ் ஆசாரிக்கும் அந்தக் கன்னட 'ஸ்வல்ப' போதும், மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

விளக்கு போட வந்தவர் அல்சூர்க்காரர். ஏணியில் நின்றபடியே என்னிடம் கேட்டார்: "சார், படம் அவங்க வரையல. விக்கிறதும் அவங்க இல்ல. அப்புறம் ஏன் அவங்க பேர இவ்ளோ பெருசா ஒட்டிருக்காங்க?"

நியாயமான கேள்வி. காகிதத்தில் வரைந்த படங்களுக்கு வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக் கூடாது, தாண்டினால் நிறம் மங்கும் என்று சற்று முன்தான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அது காக்கிற வேலை. சொல்லின் பழைய பாதி. பகல் படத்தையும் இரவுப் படத்தையும் நகர்த்தியது புதிய பாதி. எதை எடுப்பது, எதை விடுவது, எதன் பக்கத்தில் எதை வைப்பது. பெயர் ஒட்டுவது இந்தப் பாதிக்காகத்தான்.

இனி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களில் 'காப்பாட்சியர்' என்ற சொல் நிலைத்துவிட்டது. காப்பு, ஆட்சியர் இரண்டும் சேர்ந்தது. மாவட்ட ஆட்சியரைப் போலவே ஒரு மிடுக்கு அதற்கு உண்டு. வேலை என்னவோ அதையே சொல்கிறது. லத்தீன் மூலத்தோடும் ஒத்துப்போகிறது. அருங்காட்சியகத்துக்கு அதை மாற்றவே வேண்டாம். இந்தியில் அலுவலக வழக்காக இருக்கும் 'சங்கிரகாத்யக்ஷ்' சேகரிப்பின் தலைவர் என்கிறது. காப்பாட்சியர் அதைவிட நயமான சொல் என்பது என் கட்சி.

ஆனால் கலைக்கூடத்துக்கு அது பொருந்தாது. அங்கே படங்கள் ஓவியரிடமிருந்தோ சேகரிப்பாளரிடமிருந்தோ சில வாரங்களுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகும். நிரந்தரமாகக் காக்க ஒன்றும் இல்லை, ஆட்சியும் இல்லை. வேறு சொல் தேடினால் ஒவ்வொன்றையும் யாரோ ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறார்கள். காப்பாளர் என்றால் ஹாஸ்டல் வார்டன். பொறுப்பாளர் என்றால் கட்சிக்காரர். நெறியாளர் டிவி விவாதத்திலும் முனைவர் பட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறார். ஒருங்கிணைப்பாளர் என்று அழைப்பிதழில் அச்சடிக்கிறார்கள். அது வண்டிக்கும் டீக்கும் ஏற்பாடு செய்கிறவரைக் குறிக்கும். தொகுப்பாளர் என்றாலோ மைக் பிடித்து "வணக்கம் நேயர்களே" என்கிறவர் ஞாபகம் வருகிறார்.

இருந்தாலும் அந்தக் கடைசிச் சொல்லைத்தான் நான் எடுப்பேன். தொகுத்தல் என்ற சொல் தமிழில் டிவியைவிட ரொம்பப் பழையது. சங்கப் பாடல்கள் யாரோ உட்கார்ந்து தேர்ந்து அடுக்கியதால்தான் எட்டுத்தொகையாக நமக்குக் கிடைத்தன. அந்த அடுக்கலில் இருக்கும் கணக்கைப் பாருங்கள். 4 முதல் 8 அடி வரையுள்ள அகப்பாடல்கள் குறுந்தொகையில், 9 முதல் 12 வரை நற்றிணையில், 13 முதல் 31 வரை அகநானூற்றில். ஓரிரு விலக்கு உண்டு, போகட்டும். சிறிய படங்களுக்கு ஓர் அறை, பெரிய படங்களுக்கு ஓர் அறை.

அகநானூற்றின் உள்ளே போனால் இன்னும் நுட்பம். 400 பாட்டில் ஒற்றைப்படை எண் எல்லாம் பிரிவைப் பாடும் பாலை. 2, 8 என்று முடிவது குறிஞ்சி. 4இல் முடிந்தால் முல்லை, 6இல் முடிந்தால் மருதம், 10, 20 என்று பத்தாவதாக வருவதெல்லாம் நெய்தல். அதாவது, நீங்கள் வேறு எந்தத் திணையில் நின்றாலும் அடுத்த அடி பாலையில்தான் வைக்கவேண்டும். தலைவியும் தலைவனும் சேர்ந்திருக்கும் பாட்டைப் படித்துப் பக்கம் திருப்பினால் பிரிவு. இதை எந்தப் புலவரும் எழுதவில்லை. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஊரில் பாடியவர்கள் அவர்கள். தொகுத்தவர் செய்தது இது. நூலையும் களிற்றியானை நிரை, மணிமிடை பவளம், நித்திலக்கோவை என்று மூன்றாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். இன்றைய கண்காட்சிகள் மூன்று அறைக்கு மூன்று தலைப்பு வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. தொகுத்தவர் வேறு, தொகுப்பித்தவர் வேறு என்று தமிழ் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார்; தொகுப்பித்தவர் சேரன், யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பணமும் இடமும் தருகிற ஃபவுண்டேஷனையும், யோசித்து அடுக்குகிற கியூரேட்டரையும் ஒரே வினைச்சொல்லின் இரண்டு வடிவத்தில் சொல்லிவிடலாம். நற்றிணையில் மட்டும் தொகுப்பித்த பாண்டியனின் பெயர் தங்கிவிட்டது, தொகுத்தவர் பெயர் தொலைந்துவிட்டது. ஸ்பான்சர் பெயர் மட்டும் பெரிதாக இருக்கும் பேனர்கள் புதிதில்லை போலும்.

நடைமுறைக்கு வருவோம். 'காட்சித் தொகுப்பாளர்' என்பது என் பரிந்துரை. கண்காட்சித் தொகுப்பாளர் என்று முழுசாகச் சொன்னாலும் தப்பில்லை. கண்காட்சி என்றதும் டெல்லி அப்பளமும் ராட்டினமும் மனசில் வராமல் இருந்தால் சரி. சினிமா டைட்டிலில் 'படத்தொகுப்பு' என்று போட்டால் எடிட்டிங் என்று எல்லோருக்கும் புரிகிறது. யாரும் டிவி தொகுப்பாளரோடு குழப்பிக்கொள்வதில்லை. அதே மாதிரி அழைப்பிதழில் 'காட்சித் தொகுப்பு' என்று போட்டு எதிரே பெயரைப் போடலாம். பதவிப் பெயரைவிட இப்படிச் செயலாகச் சொல்வது தமிழில் இன்னும் இயல்பாக விழுகிறது.

எல்லாக் கண்காட்சிக்கும் இந்தச் சொல் தேவை என்றும் இல்லை. பெங்களூரில் ஓவியரே வாடகைக்குக் கூடம் எடுத்து, தானே படம் மாட்டி, தானே வாசலில் நின்று வரவேற்பதும் சகஜம். கர்நாடக சித்ரகலா பரிஷத் ஜனவரிதோறும் நடத்தும் சித்ர சந்தையில் குமார கிருபா சாலை முழுக்கப் படங்கள் நிற்கும். தமிழ்நாட்டிலிருந்தும் ஓவியர்கள் வருவார்கள். சந்தையில் எதன் பக்கத்தில் எது என்று முடிவு செய்யும் கியூரேட்டரை யாரும் தேடுவதில்லை. அதைச் 'சித்ர சந்தை' என்று பெயரிட்டவர்கள் சரியாகத்தான் பெயரிட்டார்கள்.

இந்திராநகர் காபிக் கடையில் 'கியூரேட்டட் மெனு' என்று எழுதியிருந்தால் அதற்குத் தொகுப்பு கிகுப்பு எல்லாம் வேண்டாம். 'தேர்ந்தெடுத்தவை' போதும். பாதி நேரம் 'இன்றைக்கு இருப்பவை' என்பதே சரியாக இருக்கும். பிட்ச் கியூரேட்டருக்கு ஆடுகளப் பராமரிப்பாளர் என்று பத்திரிகைகள் எழுதுவது அழகாகப் பொருந்துகிறது.

கிளைச் சொற்கள் கொஞ்சம். இருவர் சேர்ந்து செய்தால் இணைத் தொகுப்பாளர்கள். கூடத்தின் ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து அழைக்கப்பட்டவர் அழைப்புத் தொகுப்பாளர். நுழைவாசல் சுவரில் நீளமாக ஒட்டியிருக்கும் கியூரேட்டர் நோட்டைத் தொகுப்புரை என்று எழுத வேண்டாம். அது கூட்டத்தின் கடைசியில் பேசுவது. 'தொகுத்தவர் குறிப்பு' என்றால் பதிப்பாளர் குறிப்பு, ஆசிரியர் குறிப்பு வரிசையில் தானாகப் போய்ச் சேர்ந்துகொள்ளும்.