சத்துமாவுப் பொட்டலம்: யாருக்கு உரியது, எப்படிக் காய்ச்சுவது, கிடைக்காவிட்டால் யாரிடம் கேட்பது

அங்கன்வாடி மையத்தில் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கப்படும் சத்துமாவுப் பொட்டலத்தை, அரசு இரக்கப்பட்டுத் தரும் பொருளாகவே பல குடும்பங்கள் எண்ணிக்கொண்டிருக்கின்றன. ஒரு மாதம் வரவில்லை என்றால் "சரி, அடுத்த மாதம் பார்ப்போம்" என்று திரும்பிவிடுகிறார்கள். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதை உரிமையாக வகுத்திருக்கிறது. கர்ப்பிணிக்கும், பிள்ளை பெற்று ஆறு மாதம் வரை பாலூட்டும் தாய்க்கும், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கும் உள்ளூர் அங்கன்வாடி வழியாகக் கட்டணமின்றி உணவு தர வேண்டும் என்று அச்சட்டத்தின் 4, 5 ஆகிய பிரிவுகள் சொல்கின்றன. எடை குறைந்து மெலிந்த குழந்தைகளுக்கு 6ஆம் பிரிவு தனியே இடம் தருகிறது. சட்டம் இயற்றப்பட்டபோது அதன் இரண்டாம் அட்டவணை, வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உணவின் அளவை மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரி என்றும், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 600 கலோரி என்றும், ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைக்கு 800 கலோரி என்றும் குறித்தது.

இதற்கு வருமான வரம்பு இல்லை. குடும்ப அட்டையின் வகையும் பார்க்கப்படுவதில்லை. குழந்தைக்கு இன்னும் ஆதார் எடுக்கவில்லை என்பதைக் காரணம் காட்டிப் பதிவை மறுக்க முடியாது. தாயின் ஆதாரைக் கொண்டே பதிவு செய்யலாம் என்று மத்திய அரசு தெளிவுபடுத்தியிருக்கிறது. மூன்று வயதைத் தாண்டிய குழந்தைகள் மையத்திலேயே சூடான உணவு உண்பார்கள். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கும் தாய்மார்களுக்கும் மாவு வீட்டுக்கு வருகிறது.

நம் ஊர் வழக்கத்தில் பதிவு அறுந்துபோகும் இடம் ஒன்று உண்டு. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். பெயரோ புகுந்த வீட்டு ஊரின் மையத்திலேயே இருக்கிறது. பேறுகாலத்துக்கு முந்தைய இரண்டு மாதமும் பிந்தைய மூன்று மாதமும், அதாவது உணவு மிகவும் தேவைப்படும் காலம் முழுவதும், மாவு ஓர் ஊரிலும் அவள் வேறோர் ஊரிலும் இருப்பார்கள். அங்கன்வாடிப் பதிவுகளுக்கான போஷன் டிராக்கர் செயலியில் ஒரு மையத்திலிருந்து மற்றொரு மையத்துக்குப் பதிவை மாற்றும் வசதி இருக்கிறது. கிளம்புவதற்கு முன்பே அங்கன்வாடிப் பணியாளரிடம் சொல்லி மாற்றிக்கொள்வது நல்லது; கணவன் வீட்டுக்குத் திரும்பும்போதும் அவ்வாறே செய்ய வேண்டும்.

இனி மாவுக்கு வருவோம். அரசு ஆவணங்களில் இதற்கு 'இணை உணவு' என்று பெயர். கோதுமை மாவு, முளைகட்டிய கேழ்வரகு மாவு, கடலை மாவு, வெல்லம் ஆகியவற்றோடு வைட்டமின்களும் தாது உப்புகளும் சேர்த்துச் செறிவூட்டப்பட்டது. 2019-21 காலத்தில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அரிசிச் சோற்றைக் குழைத்து ஊட்டுவதால் மட்டும் இந்தக் குறை தீராது என்பதால்தான் மாவில் சத்துகள் தனியே சேர்க்கப்படுகின்றன.

அந்தக் கேழ்வரகு ஏன் முளைகட்டப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் கஞ்சி காய்ச்சும் முறையே மாறிவிடும். எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறத்தாழ 240 மில்லிலிட்டர்தான் கொள்ளும். கெட்டியாக ஊட்டினால் துப்புகிறது. தண்ணீர் ஊற்றி இளக்கினால் வயிறு நிறைகிறது, சத்து ஏறுவதில்லை. முளைவிட்ட தானியத்தில் அமைலேஸ் என்னும் நொதி பெருகுகிறது. அது மாவுப்பொருளைச் சிறு சர்க்கரைகளாக உடைப்பதால், தண்ணீரைக் கூட்டாமலே கஞ்சி இளகுகிறது. அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு அடங்குகிறது, செரிப்பதும் எளிதாகிறது. ஆனால் அந்த நொதி இளஞ்சூட்டில்தான் வேலை செய்யும், கொதிநிலையில் செயலற்றுப்போகும்.

என் தங்கை தன் ஏழு மாத மகனுக்கு முதல்முறை கஞ்சி வைத்தபோது, தளதளவென்று கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டினாள். மாவு கட்டிகட்டியாகத் திரண்டது. கரண்டியை நட்டால் நின்றது. இன்னும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, வடிகட்டியில் அரித்து, அதில் தங்கிய கட்டிகளைக் கொட்டிவிட்டு, கீழே இறங்கிய வெளிறிய நீரைக் குழந்தைக்குக் கொடுத்தாள். அருகிலிருந்த பெரியம்மா, "கூழுக்குக் கரைக்கிற மாதிரி பச்சைத் தண்ணியில கரைச்சுக்கிட்டு அப்புறம் அடுப்புல வைம்மா" என்றார். நொதி என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதில்லை. சொன்ன முறையோ மிகச் சரியானது. மாவை ஆறிய நீரில் கட்டியின்றிக் கரைத்து, சிறு தீயில் வைத்து, கை ஓயாமல் கிளறிக்கொண்டே மெல்லச் சூடேற்றினால், நொதி தன் வேலையை முடிக்க நேரம் கிடைக்கிறது. பிறகு ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடலாம். நெடுநேரம் கொதிக்கவிட்டால் வெப்பம் தாங்காத வைட்டமின்கள் குறையும். கரண்டியைச் சாய்த்தால் நீராக ஓடாமல் மெல்ல வழுகி விழுவதே சரியான பதம். வெல்லம் ஏற்கெனவே இருப்பதால் சர்க்கரை வேண்டாம். அரைத் தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ சேர்த்தால் கலோரி கூடும்.

கேழ்வரகுக் கூழைப் போல இதையும் இரவே கரைத்துப் புளிக்கவைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பெரியவர்கள் குடிக்கும் கூழுக்கு அந்த முறை மிக நல்லது. புளிக்கும்போது இரும்புச்சத்தைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் குறைகிறது. கைக்குழந்தையின் கஞ்சிக்கு அது வேண்டாம். அவ்வப்போது காய்ச்சி, இரண்டு மணி நேரத்துக்குள் ஊட்டிவிட வேண்டும்.

தாய்க்குரிய பொட்டலம் தாய்க்கே போய்ச் சேர வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரே பொட்டலத்தை வீடு முழுவதும் பகிர்ந்தால் யாருக்கும் போதிய அளவு கிடைப்பதில்லை. மாட்டுத் தொட்டிக்குப் போகும் மாவையும் பார்த்திருக்கிறேன். கஞ்சி குடித்த கையோடு டீயோ காபியோ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அதற்குப் பதில் நெல்லிக்காய்த் துண்டோ எலுமிச்சைச் சாறோ எடுத்துக்கொண்டால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். இரும்புச்சத்து மாத்திரையால் மலச்சிக்கல் வருகிறது என்று மாத்திரையையே நிறுத்திவிடும் பெண்கள் பலர். மாத்திரையை விடாமல், கீரையும் பழமும் கூட்டி, வெயில் நேரத்தில் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட நீர்மோரை இரண்டு டம்ளர் குடித்துவந்தால் உடலில் நீர் குறையாது, சிக்கலும் தளரும். கர்ப்பகாலச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும், வெல்லம் சேர்ந்த இந்த மாவின் அளவைக் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும்.

பொட்டலத்தை வாங்கும்போதே தயாரிப்புத் தேதியையும் காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள். கிழிந்ததையோ வண்டு விழுந்ததையோ பெற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மாற்றித் தரக் கேட்கலாம். தொடர்ந்து கிடைக்கவில்லை என்றால் முதலில் அங்கன்வாடிப் பணியாளரிடமும், அடுத்து வட்டாரத்திலுள்ள குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும், பிறகு மாவட்டத் திட்ட அலுவலரிடமும் எழுத்தில் கொடுங்கள். பெரும்பாலும் சரக்கு வரவில்லை என்ற பதிலே வரும். பல நேரங்களில் அது உண்மையும்கூட. பணியாளரிடம் சண்டையிட்டுப் பயனில்லை. முதல்வரின் 1100 உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். அதற்கும் அசையாவிட்டால், சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி அமைந்த மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலரிடமும், அதற்கு மேல் மாநில உணவு ஆணையத்திடமும் முறையிடலாம். உரிய உணவு தரப்படாவிட்டால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி என்னும் தொகையைப் பெறும் உரிமையை 8ஆம் பிரிவு தருகிறது. ஆகவே எந்தெந்த மாதம் மாவு வரவில்லை என்பதைத் தாய்-சேய் நல அட்டையின் ஓரத்திலேனும் தேதியோடு குறித்துவையுங்கள். மனு எழுதும் நாளில் அந்தக் குறிப்பே கைகொடுக்கும்.