இன்ஜின் மவுண்டிங்: கெட்டியாக இருந்தால் போதுமா?

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், இன்ஜினைப் பாடியோடு இணைத்துத் தாங்கும் மவுண்டிங்கை மாற்ற எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது பெரும்பாலும் முடிவு எடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். "ரப்பர் வேண்டாம் சார், பாலியூரித்தேன் போட்டுடுங்க, அதுதான் ஸ்ட்ராங்." பாலியூரித்தேன் என்பது பொதுவாக ரப்பரைவிடக் கெட்டியான ஒரு செயற்கைப் பொருள். சிலர் பார்சலையே கையில் கொண்டு வருகிறார்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வண்டி எங்கே ஓடுகிறது? தினமும் அண்ணா சாலை நெரிசலில் ஏ.சி. போட்டுக்கொண்டு நிற்கிற வண்டியா, இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு மட்டும் போகிற வண்டியா? பதிலைப் பொறுத்து வாங்க வேண்டிய பொருளே மாறிவிடும்.

மவுண்டிங்குக்கு இரண்டு வேலைகள். இன்ஜினைத் தாங்கி, திருகிப் புரளாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன் அதிர்வு பாடிக்குப் போகாமலும் தடுக்க வேண்டும். முதல் வேலைக்குக் கெட்டித்தன்மை வேண்டும், இரண்டாவதற்கு மெத்தென்று இருக்க வேண்டும். நாலு சிலிண்டர் இன்ஜின் 800 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) ஐடிலிங்கில், அதாவது வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஓடும் நிலையில், நிற்கும்போது நொடிக்குச் சுமார் 27 முறை ஏதாவது ஒரு சிலிண்டர் எரிகிறது. அந்தத் துடிப்பு அப்படியே பாடிக்குள் இறங்கினால் ஸ்டியரிங், சீட், கண்ணாடி எல்லாம் நடுங்கும். இதற்காகத்தான் கம்பெனிக்காரர்கள் ஹைட்ராலிக் மவுண்டிங் வைக்கிறார்கள். ரப்பருக்குள்ளே இரண்டு அறைகள், அவற்றை இணைக்கிற ஒரு குறுகிய வழி, உள்ளே கிளைக்கால் கலந்த திரவம். சின்ன அதிர்வுக்கு மெத்தென்று விட்டுக்கொடுக்கும். இன்ஜின் பெரிதாக ஆடினால் திரவம் அந்தக் குறுகிய வழியில் நெருக்கிப் போக வேண்டியிருப்பதால் ஆட்டத்தை அடக்கும். பாலியூரித்தேன் கட்டிக்கு இந்த இரட்டை குணம் கிடையாது. அது எப்போதும் ஒரே மாதிரி கெட்டிதான்.

ஒரு வண்டியை வைத்துப் பார்க்கலாம். 2017-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்.: 230 பி.எஸ்., 350 நியூட்டன் மீட்டர், இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும், முன் சக்கரங்கள்தான் ஓட்டும். இந்த அமைப்பில் மவுண்டிங் தாங்குவது வெறும் 350 அல்ல. கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் இன்ஜினோடு ஒரே கட்டியாக இருப்பதால் சக்கரத்துக்குப் போகிற முழு திருகுவிசையின் எதிர்விசையும் மவுண்டிங் மேல்தான் விழும். முதல் கியரில் மொத்தக் கியர் விகிதத்தை 12 (சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் 12 சுற்று) என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் 350-ஐ 12-ஆல் பெருக்கினால் 4,200 நியூட்டன் மீட்டர். ஸ்டேஜ் ஒன்று, ஸ்டேஜ் இரண்டு என்று ரீமேப் செய்தவர்கள், அதாவது இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றி பவரைக் கூட்டியவர்கள், அதற்கு மேலும் கூட்டிக்கொள்ளலாம். அப்புறம் ஏன் ரப்பர் கிழியாது?

ஆனால் இந்த வண்டியில் எடையைத் தாங்குவது மேலே உள்ள இரண்டு மவுண்டிங்குகள்: ஒன்று இன்ஜின் பக்கம், ஒன்று கியர்பாக்ஸ் பக்கம். திருகலைப் பிடிப்பதில் பெரும் பங்கு கீழே சப்ஃப்ரேமில் (முன்பக்க அடிச்சட்டத்தில்) இருக்கிற பெண்டுலம் மவுண்டிங்குக்கு. மெக்கானிக்குகள் டாக்போன் என்பார்கள். அதனால் என் யோசனை எப்போதும் இதுதான்: மேலே இரண்டையும் ஒரிஜினல் ரகத்திலேயே போடுங்கள், ஆசை தீரக் கெட்டியாக்க வேண்டுமானால் கீழே உள்ளதை மட்டும் கெட்டியாக்குங்கள். அதிலுள்ள ரப்பர் இடைவெளியை அடைக்கும் இன்சர்ட் ஒன்றைப் போட்டாலே ஆக்ஸிலரேட்டரை விட்டு மிதிக்கும்போது வருகிற தடக்கென்ற குலுக்கல் நன்றாகக் குறையும். ஆட்டோமேட்டிக் கியரை டி-யில் போட்டு பிரேக்கில் நிற்கும்போது கொஞ்சம் அதிர்வு கூடத்தான் செய்யும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். மூன்றையும் டிராக் ரகத்தில் மாற்றிக்கொண்டு ஒருவர் வந்தார். உள்கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியவில்லை. டேஷ்போர்டு கிளிப்புகள் கிடுகிடுக்க ஆரம்பித்திருந்தன, எக்ஸாஸ்டின் வளையும் பகுதியில் விரிசல். அதிர்வு காணாமல் போவதில்லை, போக வேறு இடம் தேடிக்கொள்ளும்.

கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள், எண் கூடக் கூடக் கெட்டி. கடையில் 60-லிருந்து 95 வரை கிடைக்கும். தெருவில் ஓடும் வண்டிக்கு 75-ஐத் தாண்டுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. 85-க்கு மேல் டிராக்குக்கு மட்டும். எண்ணை மட்டும் பார்த்தும் ஏமாறாதீர்கள். ஒரே 75-தான், ஆனால் நடுவில் இடைவெளி விட்டு வார்த்தது ஒரு மாதிரி, முழுக்கக் கட்டியாக வார்த்தது வேறு மாதிரி.

போர்ஷே 911 தனிக் கதை. இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால் மவுண்டிங் அமுங்கினால் இன்ஜினின் பின்முனை கீழே இறங்கும். பம்பர் வெட்டுக்குள் சைலன்சர் முனைகள் நடுவில் இல்லாமல் தாழ்ந்து தெரிந்தால் முதலில் மவுண்டிங்கைச் சந்தேகப்படுங்கள். 911-இன் 997 தலைமுறை ஜி.டி.3 காலத்திலிருந்து சில மாடல்களில் டைனமிக் மவுண்டிங் வருகிறது. அதனுள் இருக்கும் திரவத்தில் நுண்ணிய இரும்புத் துகள்கள். காந்தப்புலம் பாய்ந்தால் நொடியில் கெட்டியாகும், இல்லாவிட்டால் இளகும். விலை கேட்டால் மயக்கம் வரும் என்பதற்காகச் சாதாரண மவுண்டிங்கை மாட்டினால் கண்ட்ரோல் யூனிட் சும்மா இருக்காது, ஃபால்ட் காட்டும்.

வாங்குவதற்கு முன் மவுண்டிங்தான் குற்றவாளியா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஐடிலிங் நடுக்கத்தோடு வந்த பல வண்டிகளில் பிரச்சினை ஸ்பார்க் பிளக், காயில், டி.எஸ்.ஐ. (ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகனின் டர்போ பெட்ரோல்) இன்ஜின்களில் வால்வில் படிந்த கரி. ஸ்கேனரில் மிஸ்ஃபயர் (சிலிண்டர் சரியாக எரியாமல் தவறுவது) எண்ணிக்கையைப் பார்க்காமல் மவுண்டிங்கை மாற்றச் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். மவுண்டிங் மேல் இன்ஜின் ஆயில் வழிந்திருந்தால் கசிவை அடைத்துவிட்டுத்தான் புதியது போட வேண்டும். ஆயிலில் ஊறினால் ரப்பர் உப்பிக் கொழகொழத்துப் போகும். அதிகம் ஓட்டாத வண்டிதானே என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ரப்பருக்குக் கிலோமீட்டரோடு வயதும் வெயிலும் கணக்கு.

கார் கம்பெனி பெயர் போட்ட பெட்டிக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும் என்பதில்லை. லெம்ஃபோர்டர், கோர்ட்டெகோ போன்ற பிராண்டுகளின் தாய் நிறுவனத்தார் கார் கம்பெனிகளுக்கே சப்ளை செய்பவர்கள். இந்த பிராண்டுகளின் சொந்தப் பெட்டியில் வரும் பொருளில் சில நேரம் கார் கம்பெனியின் முத்திரை இருந்த இடம் மட்டும் தேய்த்து எடுக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்து டூப்ளிகேட் என்று பதற வேண்டாம், நல்ல அறிகுறிதான். பல மவுண்டிங்குகளில் சின்ன வட்டம், நடுவில் அம்புக்குறி வார்த்திருக்கும். தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் அது காட்டும். சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் அந்த வட்டத்தைப் பாருங்கள். வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த ரப்பரைப் புதிய விலைக்கு வாங்காதீர்கள். பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கதவு வாங்கலாம், ஆல்டர்னேட்டர் வாங்கலாம், மவுண்டிங் வாங்காதீர்கள்.

மாட்டும்போது அருகில் நின்று பார்ப்பதில் தப்பில்லை. ஆயில் சம்பில் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) ஜாக்கியை நேரடியாக முட்டாமல் இடையில் மரக்கட்டை வைக்கிறார்களா என்று கவனியுங்கள். பல ஐரோப்பிய வண்டிகளில் மவுண்டிங் போல்ட்டுகள் ஒருமுறை மட்டுமே பயன்படுபவை: டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானரில்) குறிப்பிட்ட அளவு, அதன்பின் 90 டிகிரி போன்ற கூடுதல் திருப்பு. பழைய போல்ட்டையே ஏர் கன்னால் அடித்து ஏற்றினால் அலுமினிய மரை போய்விடும். எல்லாப் போல்ட்டையும் தளர்வாக மாட்டி, இன்ஜின் தன் இடத்தில் தானாக உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புது ரப்பர் முதல் நாளிலிருந்தே முறுக்கிக்கொண்டு நிற்கும், நீங்களும் ஒரு மாதத்தில் "புதுசு போட்டும் அதிர்வு போகலை" என்று திரும்பி வருவீர்கள்.