தரவு என்றால் தந்தது

மதுரைப் பக்கம் எந்த அரசுப் பள்ளி ஆசிரியரிடம் ஐந்து நிமிடம் பேசினாலும் "எமிஸ்ல டேட்டா ஏத்தணும்" என்பது எப்படியும் வந்துவிடும். எமிஸ் என்பது தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை மாணவர் விவரங்களைச் சேர்த்து வைக்கும் கணினி ஏற்பாடு. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, சாதி, ஆதார் எண், பெற்றோரின் கைபேசி எண் எல்லாம் அதில் ஏறுகின்றன. அதே ஆசிரியர் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மகள் "அப்பா, டேட்டா தீர்ந்துபோச்சு" என்பாள். அது ரீசார்ஜில் கிடைக்கும் இணைய அளவு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்துப் பழகியதில், முதலாவதையும் போனால் மறுபடி போட்டுக்கொள்ளும் பொருளாக நினைக்கத் தொடங்கிவிட்டோமோ என்ற கவலை எனக்கு உண்டு.

டேட்டா என்பது 17ஆம் நூற்றாண்டில் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். லத்தீனில் கொடுப்பதற்கு 'தாரே' என்று பெயர். கொடுக்கப்பட்ட ஒன்று 'டேட்டம்', அதன் பன்மை 'டேட்டா'. பள்ளிக் கணக்கில் 'கொடுக்கப்பட்டவை' என்று எழுதிவிட்டு விடை காணத் தொடங்குவோமே, அந்தப் பொருள்தான். கணினிக்காரர்கள் இதை எடுத்துக்கொண்டது வெகு பின்னால்.

தமிழில் இதற்குச் சரியான சொல் தரவு. வரு என்பதிலிருந்து வரவு, செல் என்பதிலிருந்து செலவு, அதேபோல் தரு என்பதிலிருந்து தரவு. வரவு செலவு எழுதும் கடைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். சொல்லும் புதிதல்ல. தொல்காப்பியச் செய்யுளியலில் கலிப்பாவின் உறுப்பாகத் தரவு வருகிறது. பாட்டின் முதலில் நின்று சொல்லவந்த பொருளை எடுத்துத் தருவது தரவு. அதன்மேல்தான் தாழிசை ஏறும், கடைசியில் சுரிதகம் முடித்துவைக்கும். மருதக்கலியைப் பாடியவராகச் சொல்லப்படும் மதுரை மருதன் இளநாகனார் புழங்கிய யாப்பு அது. இந்தப் பழைய சொல்லைக் கணினிக்கு எடுத்தவர்களுக்கு நல்ல காது.

தகவல் என்றாலும் இதுதானே என்று கேட்கலாம். இல்லை. ஒரு பையனின் வருகைப் பதிவு தரவு. சந்தை நாளில் மட்டும் அவன் வருவதில்லை என்று அதிலிருந்து டீச்சர் கண்டுபிடிப்பது தகவல்.

தரவு என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. தரவு என்றால் தந்தவர் ஒருவர் இருக்கிறார். போன ஜூனில் அக்கா மகனை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, பள்ளிக்கு அருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற அம்மா, மகளின் ஆதாரைக் கடைக்காரத் தம்பியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினார். அவர் டவுன்லோட் பெட்டியைத் திறந்தார். திரை முழுக்கப் பிள்ளைகளின் முகங்கள், ரேஷன் அட்டைகள், சாதிச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கங்கள். அந்த அம்மா இரண்டு பிரதி வாங்கிக்கொண்டு போய்விட்டார். படம் அங்கேயே இருந்தது. எங்கள் முறை வந்தபோது அக்கா, "தம்பி, பிரிண்ட் எடுத்ததும் அழிச்சிருங்க" என்றார். தம்பி முகம் சுளிக்காமல் அழித்தார். அப்புறம் குப்பைத் தொட்டிப் படத்தைச் சொடுக்கி அதையும் காலி செய்தார். கேட்டால் செய்கிறார்கள், கேட்க வேண்டும் என்று நமக்குத்தான் தெரிவதில்லை.

"உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு" என்று பெயர், வகுப்பு எல்லாம் சரியாகச் சொல்லிப் பெற்றோரை ஏமாற்றும் அழைப்புகளுக்கு இப்படிச் சிதறிக் கிடக்கும் தரவு போதும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும்.

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் இசைவைப் பொதுவிதியாக வைக்கிறது. தரவை எதற்காக, எப்படிக் கையாள்வது என்று தீர்மானிக்கும் நிறுவனத்தை அது 'டேட்டா ஃபிடுஷியரி' என்று அழைக்கிறது, அதாவது நம்பி ஒப்படைத்ததைக் காப்பவர். இதற்குத் தமிழில் அடைக்கலம் என்ற சொல்லை ஒட்டித்தான் பெயர் வைக்க வேண்டும் என்பேன். மதுரைக்கு வெளியே கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைத்தாரே, அந்த அடைக்கலம். பிள்ளைகளின் தரவு பள்ளியிடம் அப்படித்தான் இருக்கிறது.

ஒப்படைத்தது ஒருமுறை வெளியே போனால் மீட்க வழியில்லை. அமெரிக்கப் பள்ளி மாவட்டங்கள் பல பயன்படுத்தும் பவர்ஸ்கூல் என்ற மாணவர் விவர மென்பொருளுக்குள் 2024 டிசம்பரில் திருட்டுக் கடவுச்சொல்லை வைத்தே திருடர்கள் நுழைந்துவிட்டார்கள். எடுத்த தரவை அழித்துவிடுவதாகச் சொன்னதை நம்பி நிறுவனம் பணமும் கொடுத்தது. சில மாதம் கழித்து, அதே தரவைக் காட்டிப் பள்ளி மாவட்டங்களுக்கு மறுபடி மிரட்டல் வந்தது.

இதைச் சில செய்திகளில் 'தரவு மீறல்' என்று எழுதுகிறார்கள். விதியை மீறலாம், தரவை எப்படி மீறுவது? கவனக்குறைவால் வெளியானால் தரவுக் கசிவு, உள்ளே புகுந்து எடுத்தால் தரவுத் திருட்டு. சேர்த்து வைக்கும் இடம் தரவுத்தளம். பேச்சுக்கும் இந்தச் சொல் இடிக்காது. "எமிஸ்ல தரவு ஏத்தியாச்சா டீச்சர்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.