எக்ஸ்ரே காட்டாத சுவர்

இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஓட்டை இருந்தால், ஒரு காலத்தில் மார்பைத் திறந்து தைப்பதுதான் ஒரே வழி. சிரைக்குள் செலுத்தும் மெல்லிய குழாய் வழியாகவே அதை அடைக்கலாம் என்று 1970களின் நடுவில் அமெரிக்காவில் கிங், மில்ஸ் என்ற இரு மருத்துவர்கள் காட்டினார்கள். இன்று பரவலாகப் பயன்படுவது ஆம்ப்ளாட்சர் வகைக் கருவி. நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியக் கலப்பு உலோகக் கம்பியில் பின்னிய இரண்டு தட்டுகள், நடுவே ஒடுங்கிய இடுப்பு, உடுக்கை மாதிரி. இழுத்து நீட்டினால் மெல்லிய குழாய்க்குள் அடங்கும், வெளியே வந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும்.

தொடைச் சிரை வழியாக இதயம் வரை போவதில் பெரிய சிரமமில்லை. எங்கே விரிப்பது என்பதில்தான் சிக்கல். எக்ஸ்ரே திரையில் உலோகம் நன்றாகத் தெரியும்; சுவரும் ஓட்டையும் தெரியாது. ரத்தமும் தசையும் எக்ஸ்ரேக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஒலிக்கு அப்படியில்லை. திசுவில் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகும் அல்ட்ராசவுண்ட், ரத்தமும் சுவரும் சந்திக்கும் இடத்தில் கொஞ்சம் எதிரொலிக்கும். அது திரும்பிவர எடுக்கும் நேரமே தூரத்தைச் சொல்லிவிடும்.

மார்பின் மேல் வைத்து எடுக்கும் எக்கோவுக்கு, அதாவது இதய அல்ட்ராசவுண்ட் படத்துக்கு, விலா எலும்பும் நுரையீரல் காற்றும் தடை. அதனால் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவியான ப்ரோபை வாய் வழியாக உணவுக்குழாய்க்குள் இறக்குகிறார்கள். இடது மேலறைக்கு நேர் பின்னால்தான் அது ஓடுகிறது. இதற்கு மயக்க மருந்து வேண்டும். சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள ப்ரோபைச் சிரை வழியாக வலது மேலறைக்கே அனுப்பும் முறையும் உண்டு. நோயாளி விழித்திருக்கலாம், செலவுதான் கூடும்.

ஓட்டையின் அளவைவிட, சுற்றிலும் எவ்வளவு சுவர் மிச்சம் என்பதே முக்கியம் என்பேன். தட்டு பிடித்துக்கொள்ளப் பொதுவாக 5 மி.மீ. விளிம்பாவது வேண்டும். இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனிப் பக்கம் விளிம்பு குறைந்தாலும் பலருக்கு அடைத்துவிட முடியும். ஆனால் தட்டு உரசி இதயச் சுவரை அரிக்கும் அபாயம், அரிதுதான் என்றாலும், உண்டு. உடலின் கீழ்ப்பகுதி ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் கீழ்ப்பெருஞ்சிரைப் பக்கம் விளிம்பே இல்லையென்றால் பெரும்பாலும் அறுவைதான்.

அளவெடுக்க, ஓட்டைக்குள் ஒரு பலூனை மெதுவாக நிரப்புவார்கள். ஓட்டை வழியே பாயும் ரத்தம், ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் முறையான டாப்ளரில் நிறமாகத் தெரியும். அந்த நிறம் மறைந்ததுமே நிறுத்திவிட்டு, பலூனின் இடுப்பை அளக்கிறார்கள். மேலும் நிரப்பினால் விளிம்பு விரிந்து, தேவையைவிடப் பெரிய கருவியைத் தேர்ந்தெடுக்க நேரும்.

அப்புறம் இடது தட்டை விரித்து, சுவரோடு ஒட்ட இழுத்து, வலது தட்டையும் விரிப்பார்கள். கருவியைத் தள்ளிக் கொண்டுபோன கேபிளை இன்னும் அதிலிருந்து கழற்றியிருக்க மாட்டார்கள். கருவியை லேசாகத் தள்ளியும் இழுத்தும் எக்கோவில் பார்ப்பார்கள்: சுவர் இரண்டு தட்டுகளுக்கும் நடுவில்தான் இருக்கிறதா? வால்வில் எங்கும் இடிக்கிறதா? சந்தேகம் வந்தால் குழாய்க்குள் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். எல்லாம் சரி என்றால் கேபிளைத் திருகிக் கழற்றுவார்கள். தட்டின் மேல் திசு வளர்ந்து மூடச் சில மாதங்கள் ஆகும். அதுவரை ஆஸ்பிரின் தருவது வழக்கம்.