கப்பல் வரும் தேதியைப் பார்த்து நடக்கும் சட்டசபை

2017 பிப்ரவரி முடிகிற நேரத்தில், கனடாவின் வடகோடியில் உள்ள குகாருக் என்ற சிற்றூரில் இருந்த பள்ளிக்கூடம் தீப்பிடித்து எரிந்துபோனது. ஆயிரம் பேருக்குச் சற்றுக் குறைவாக வாழும் ஊர், அதற்கு ஒரே பள்ளி. புதுப் பள்ளி திறக்க 2019 ஆகிவிட்டது. அதுவரை பிள்ளைகள் தற்காலிக இடங்களில் படித்தார்கள்.

இதைக் கேட்டதும் நமக்கு காண்ட்ராக்டர், கமிஷன், கோப்பு நகரவில்லை என்றுதான் புத்தி போகும். குகாருக்கில் கணக்கே வேறு. அந்த ஊருக்குச் சாலை கிடையாது, ரயிலும் கிடையாது. இரும்பு, மரம், சிமெண்ட் என்று கனமான எதுவும் கப்பலில்தான் வர வேண்டும். கடல் உறைந்திருக்கும் மாதங்களில் கப்பல் வராது. ஒரு கோடையின் கப்பலுக்குள் வரைபடம் போட்டு, டெண்டர் விட்டு, சாமான் வாங்கித் தெற்கே துறைமுகத்தில் சேர்க்க முடியவில்லை என்றால், அடுத்த கோடைதான்.

குகாருக் இருப்பது நூனவுட் பிரதேசத்தில். 1999 ஏப்ரல் 1 அன்று பழைய வடமேற்குப் பிரதேசத்திலிருந்து பிரிந்து உருவானது. பரப்பு ஏறத்தாழ 21 லட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் மக்கள் தொகை 40 ஆயிரத்தை ஒட்டித்தான். பெரும்பாலோர் அந்தப் பனிப்பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள். 25 ஊர்கள், ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் நடுவே சாலை இல்லை. தலைநகர் இக்கலுவிட். சட்டமன்றத்தில் 22 பேர். அவர்களையும் அங்கே எம்.எல்.ஏ. என்றுதான் அழைக்கிறார்கள். பெயர் ஒன்றானாலும் வேலை ரொம்பவே வித்தியாசமானது. அந்த வேலையின் நடை, கடல் எப்போது உறைகிறது, எப்போது உடைகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

நிதியாண்டு அங்கும் ஏப்ரல் 1-இல்தான் தொடங்குகிறது. சம்பளம், மருந்து, டீசல் போன்ற நடைமுறைச் செலவுகளுக்கான மானியக் கோரிக்கைகள் பிப்ரவரி, மார்ச்சில் சபைக்கு வரும். இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் கட்டுமானச் செலவுகள் அப்போது வருவதில்லை. பள்ளி, மருத்துவ நிலையம், எண்ணெய்க் கிடங்கு, குடிநீர்த் திட்டம் ஆகியவற்றுக்கான மூலதன மதிப்பீடுகள் முந்தைய இலையுதிர் காலக் கூட்டத் தொடரிலேயே தனியாக வந்துவிடும். அக்டோபர், நவம்பர் வாக்கில் பணத்துக்கு ஒப்புதல் கிடைத்தால்தான் குளிர்காலத்தில் டெண்டர் விட முடியும். வசந்தத்துக்குள் சாமான் வாங்கி, ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ கப்பலில் ஏற்ற முடியும். பிப்ரவரி வரை காத்திருந்தால் போச்சு, ஒரு வருடம் கைவிட்டுப் போகும். கடல்பனியை முன்வைத்து பட்ஜெட்டையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த செய்தி.

கடல்நீர் சுழியத்துக்குக் கீழே சுமார் 1.8 டிகிரி செல்சியசில் உறைகிறது. உறையும்போது உப்பை வெளியே தள்ளுகிறது. தப்பிக்க முடியாத கொஞ்சம் உப்புநீர் சின்னச் சின்னப் பைகளாகப் பனிக்குள் மாட்டிக்கொள்கிறது. முதல் வருடப் பனி அதனால் சற்று மிருதுவானது. ஒரு கோடையைத் தாண்டிப் பிழைத்த பனியில் இந்த உப்புநீர் வடிந்துவிடும். எஞ்சுவது கெட்டியான, தடித்த, கப்பலின் விலாவை நெரிக்கக்கூடிய பழம்பனி. பூமி சூடாகிறதே, இனி கப்பல் எளிதாகப் போகுமே என்று தோன்றலாம். எப்போதும் அப்படி நடப்பதில்லை. வடக்கே இறுகிக் கிடந்த பழம்பனி தளர்ந்து உடைந்து, தெற்கே உள்ள குறுகிய நீரிணைகளில் வந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. 2018-இல் கடல் பனியால் அடைபட்டு, கேம்பிரிட்ஜ் பே, குக்லுக்டுக் ஊர்களுக்கு வர வேண்டிய சரக்குப் படகுகள் ரத்தாயின. அப்படிப்பட்ட வருடத்தில் அந்தத் தொகுதி எம்.எல்.ஏ. சபையில் எழுந்து கேட்கும் கேள்வி ரொம்ப எளிமையானது: எங்கள் சாமான் எங்கே, விமானத்தில் கொண்டுவந்தால் அந்தச் செலவு யார் தலையில்?

கப்பல் வந்துவிட்டாலும் வேலை முடிவதில்லை. பெரும்பாலான ஊர்களில் ஆழமான துறைமுகம் இல்லை. கப்பல் தள்ளி நங்கூரமிட, இழுவைப் படகும் மிதவையும் சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும், அதுவும் ஓதம் ஏறும் நேரம் பார்த்து. இக்கலுவிட்டில் கடல் ஏறி இறங்கும் உயரம் 10 மீட்டருக்கு மேல். ஓதம் வடிந்தால் கரை முழுக்கச் சேறும் கல்லும்தான். தலைநகருக்கே ஆழ்கடல் துறைமுகம் 2023-இல்தான் கிடைத்தது.

சரி, இவ்வளவு அவசரத்தில் வரும் மூலதன மதிப்பீட்டைச் சாதாரண உறுப்பினர் என்ன செய்ய முடியும்? இங்கேதான் நூனவுட்டின் அரசியல் எந்திரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அங்கே கட்சிகள் இல்லை. தடைசெய்யவில்லை, ஆனால் சட்டமன்றத்தில் யாரும் கட்சியாக இயங்குவதில்லை. கனடாவில் இந்த முறை நூனவுட்டிலும் வடமேற்குப் பிரதேசத்திலும் மட்டும்தான். ஒவ்வொருவரும் சுயேச்சை. சில நூறு ஓட்டுகளில் வெற்றி தீர்மானமாகும். சில இடங்களில் ஒருவரே மனு போட்டு, போட்டியின்றித் தேர்வாவதும் உண்டு. தேர்தல் முடிந்ததும் எல்லோரும் ஒரே அவையில் கூடுகிறார்கள். முதலில் சபாநாயகரைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு முதல்வர் பதவிக்கு விரும்புகிறவர்கள் பெயர் கொடுத்து, உரையாற்றி, மற்றவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அது பொதுமக்கள் பார்க்கவே நடக்கும். ஓட்டு மட்டும் ரகசியம். அப்புறம் அமைச்சர்களையும் அதே உறுப்பினர்கள்தான் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல்வருக்கு இருக்கும் உரிமை, தேர்வானவர்களுக்குத் துறைகளைப் பிரித்துக் கொடுப்பது. ஒரு அமைச்சர் பிடிக்கவில்லை என்றால் துறையைப் பறிக்கலாம். அமைச்சரவையிலிருந்தே நீக்குவது சபையின் கையில்.

இப்போது கணக்கைப் போடுங்கள். 22 பேரில் முதல்வரும் அமைச்சர்களும் சேர்ந்து 9 என்று வைத்துக்கொள்வோம். சபாநாயகர் ஒருவர். மீதி 12 பேர் சாதாரண உறுப்பினர்கள். அரசு எப்போதுமே சிறுபான்மைதான், அதுவும் வேண்டுமென்றே. கொறடா உத்தரவு என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அமைச்சரவை வெளியே இருந்து சில ஓட்டுகளைத் தேடியாக வேண்டும். தனி உறுப்பினரால் புதிதாகச் செலவைச் சேர்க்க முடியாது. ஆனால் சபை முழுவதும் குழுவாக அமர்ந்து பக்கம் பக்கமாகப் பார்க்கும்போது, ஒரு தொகையை நீக்கவோ குறைக்கவோ தீர்மானம் கொண்டுவரலாம். வெட்டத்தான் முடியும், ஒட்ட முடியாது. ஆனாலும் வெட்டுவேன் என்று 12 பேர் சேர்ந்து சொன்னால், அமைச்சர் பேச்சுவார்த்தைக்கு வந்தே தீருவார்.

இந்தப் பலம் வெறும் காகிதப் பலம் இல்லை என்பதை 2018 ஜூனில் பார்த்தார்கள். 2017 நவம்பரில் முதல்வரான பால் குவாசா மீது, பதவியேற்று ஏழு மாதத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது, நிறைவேறவும் செய்தது. கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் நடந்த வணிகக் கண்காட்சிக்கு ஆன செலவு அதில் பேசப்பட்ட விஷயங்களில் ஒன்று. அன்றைக்கே ஜோ சவிகாடாக் முதல்வரானார். ஆட்சி கலையவில்லை, தேர்தல் வரவில்லை, யாரையும் விடுதியில் அடைத்து வைக்கவும் இல்லை. கட்சியே இல்லாதபோது கட்சி தாவுவது எப்படி!

இதற்கு ‘கருத்தொருமை ஆட்சி’ என்று பெயர். பெயரைப் பார்த்து எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது: மக்கள் முதல்வரையோ ஒரு கொள்கையையோ நேரடியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆட்சி சரியில்லை என்றால் மொத்தமாகத் தூக்கி எறிய அங்கே ஒரு கட்சி இல்லை. தன் ஊர்க்காரரை மட்டுமே மாற்றலாம்.

அந்த ஊர்க்காரருக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் எதைப் பற்றி இருக்கும்? பெரும்பாலும் வீடு. நிரந்தர உறைபனி நிலத்தில் வீட்டை நேரே தரையில் கட்டினால், வீட்டின் சூடே அடியிலுள்ள பனியை உருக்கி வீட்டைச் சாய்த்துவிடும். அதனால் துளையிட்டு இரும்புத் தூண்களை இறக்கி, சுற்றிலும் மணலும் நீரும் கலந்த குழம்பை ஊற்றுவார்கள். அது உறைந்து, குச்சி ஐஸில் குச்சி பிடித்துக்கொள்வதுபோல் தூணைப் பிடித்துக்கொள்ளும். வீடு தூண்மேல், அடியில் காற்று ஓட இடைவெளி. இதே காரணத்தால் குழாயைப் புதைப்பதும் பெரும்பாடு. எனவே பெரும்பாலான ஊர்களில் குடிநீர் லாரியில் வருகிறது, கழிவுநீர் லாரியில் போகிறது. வீட்டுக்குள் இரண்டு தொட்டிகள். கழிவுத் தொட்டி நிரம்பிவிட்டால் நீர் பம்பு தானாக நின்றுவிடும்; இல்லையேல் கழிவு வெளியே வழியும். பனிப்புயலில் லாரி இரண்டு நாள் ஓடவில்லை என்று வையுங்கள். நல்ல தண்ணீர்த் தொட்டி பாதி நிறைந்திருந்தும் குழாயில் சொட்டு வராது. எம்.எல்.ஏ.வின் போன் அடிக்க ஆரம்பிக்கும். லாரி ஓட்டுவது ஊராட்சியின் பொறுப்பு, அவருடையதல்ல. ஆனால் லாரி வாங்கப் பணம் சபையிலிருந்து, லாரி வருவது கோடைக் கப்பலில்.

தலைநகரும் விதிவிலக்கல்ல. 2021 அக்டோபரில் இக்கலுவிட் குடிநீரில் எரிபொருள் கலந்துவிட்டது. அக்டோபர் 12-இல் தொடங்கிய ‘குடிக்காதீர்’ உத்தரவு டிசம்பரில்தான் விலகியது. நடுவில் அக்டோபர் 25 அன்று பொதுத் தேர்தலும் நடந்து முடிந்தது.

தொகுதிக்குப் போய்வருவதே தனிப் பொழப்பு. ஆர்க்டிக் பே, ரெசல்யூட், கிரீஸ் ஃபியர்ட் மூன்றும் ஒரே தொகுதி. இவற்றில் கிரீஸ் ஃபியர்ட் இக்கலுவிட்டிலிருந்து சுமார் 1500 கிலோமீட்டர் வடக்கே. 150 பேர்கூட இல்லை. குளிர்காலத்தில் மூன்று மாதங்களுக்கும் மேல் சூரியன் எழுவதில்லை. ரெசல்யூட் வரை போய், அங்கிருந்து சிறு விமானத்தில் தாவ வேண்டும். மூடுபனி இறங்கினால் விமானம் திரும்பிவிடும். பிரதேசத்துக்குள்ளேயே மூன்று நேர மண்டலங்கள் இருப்பதால் அதிகாரியைப் போனில் பிடிக்கவும் கணக்குப் போட வேண்டும்.

பனிவண்டியில் போவதும் உண்டு. 2016 மார்ச்சில் பவுலூசி கீயூடாக் என்ற எம்.எல்.ஏ., மகனோடும் உறவினரோடும் இக்கலுவிட்டிலிருந்து பாங்னர்டங் ஊருக்குக் கிளம்பினார். வழி தவறியது. ஒரு வாரத்துக்கு மேல் தேடி, மூவரையும் உயிரோடு கண்டுபிடித்தார்கள். அவர்கள் போக வேண்டியது வடகிழக்கே. கிடைத்ததோ இக்கலுவிட்டுக்குத் தெற்கே.

அவைக்குள் வந்தால் காதுக்கருவி மாட்டிக்கொள்ள வேண்டும். இனுயிட் மக்களின் இனுக்டிடுட், இனுயின்னாக்டுன், அவற்றோடு ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மொழிகள் அங்கே புழங்குகின்றன. பேச்சு நடக்க நடக்க உரைபெயர்ப்பாளர்கள் கூண்டிலிருந்து மாற்றிச் சொல்வார்கள். மிக வேகமாகப் பேசும் உறுப்பினரைச் சற்று நிதானிக்கச் சொல்வது சபாநாயகரின் அன்றாட வேலைகளில் ஒன்று. சபாநாயகர் முன்னால் இருக்கும் செங்கோல் நார்வால் திமிங்கிலத்தின் தந்தத்தால் ஆனது.

இத்தனை பேரம் பேசியும் அவர்கள் பகிர்ந்துகொள்வது பெரும்பாலும் ஒட்டாவாவிலிருந்து வரும் பணம்தான். வருவாயில் 80 சதவீதத்துக்கும் மேல் மத்திய அரசின் மானியம். பிரதேசத்தின் பொது நிலமும் அதன் அடியிலுள்ள கனிமங்களும் இன்னமும் ஒட்டாவாவின் பிடியில். அதை மாற்றும் ஒப்பந்தம் 2024 ஜனவரி 18 அன்று இக்கலுவிட்டில் கையெழுத்தானது. பொறுப்பு கைமாற வேண்டிய தேதி 2027 ஏப்ரல் 1. அதன் பிறகு சுரங்க அனுமதி, நிலக் குத்தகை, கனிம உரிமத் தொகை எல்லாம் அந்த 22 பேர் முன்னால் வரும். கழிவு லாரிக்கும் பள்ளிக் கூரைக்கும் பழகிய பேரம், பெரிய சுரங்க நிறுவனங்கள் வந்து உட்காரும்போதும் கட்சி இல்லாமலே தாக்குப்பிடிக்குமா என்பதைத்தான் நான் பார்க்கக் காத்திருக்கிறேன்.