கப்பல் வேலையில் அடிபட்டால் எத்தனை நாள் கெடு? அமெரிக்கச் சட்டம் சொல்வது

அமெரிக்காவில் கப்பல் சார்ந்த வேலையில் அடிபட்டவர் நஷ்டஈடு கேட்க எவ்வளவு அவகாசம்? அதற்குமுன் ஒரு கேள்வி உண்டு. அவர் கப்பலோடு போகிறவரா, கரையில் நின்று வேலை பார்ப்பவரா?

கப்பலிலோ இழுவைப் படகிலோ மீன்பிடிப் படகிலோ பணியாளராக இருப்பவருக்கு 1920-இல் வந்த ஜோன்ஸ் சட்டம். முதலாளியின் கவனக்குறைவால் அடிபட்டால் 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அரசின் மீது வழக்கு என்றால் 2 வருடம்தான்.

சரக்கு ஏற்றி இறக்குபவர், கப்பல் கட்டுபவர், பழுது பார்ப்பவர் எல்லாம் 1927-ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் சட்டத்தில் வருவார்கள். யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் கெடு இரண்டு: 30 நாளில் முதலாளிக்கு எழுத்தில் தகவல், 1 வருடத்தில் தொழிலாளர் துறையிடம் மனு.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்த 30 நாள்தான். ஒரு துறைமுகத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். கன்டெய்னரைப் பிணைக்கும் கம்பியை இறுக்கும்போது தோளில் சுளீரென்று ஒரு வலி. தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போகிறார். ஐந்தாவது வாரம் சட்டை மாட்டக் கை தூக்க முடியவில்லை. அதற்குள் கெடு போய்விட்டது! விபத்து முதலாளிக்கு முன்பே தெரியும் என்றாலோ, தாமதத்தால் அவருக்குப் பாதகமில்லை என்றாலோ சட்டம் மன்னிக்கும். ஆனாலும் அதை நம்பி இருக்காதீர்கள். சின்ன வலிக்கும் அன்றைக்கே தகவல் சொல்வதற்கான எல்.எஸ்-201 படிவத்தை நிரப்பி முதலாளியிடம் கொடுத்து, ஒரு நகலை வீட்டில் வையுங்கள். மனுவுக்கான படிவம் எல்.எஸ்-203.

அப்புறம், கம்பெனி தரும் பணம். துறைமுகத் தொழிலாளிக்குக் கம்பெனி தானாகவே நஷ்டஈடு கொடுத்து வந்தால், கடைசியாகப் பணம் வந்த நாளிலிருந்து 1 வருடம் எண்ணலாம். கப்பல் பணியாளருக்கு அப்படி இல்லை. சாப்பாட்டுச் செலவும் வைத்தியச் செலவும் மாதாமாதம் வந்துகொண்டே இருந்தாலும் அந்த 3 வருடம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பணம்தான் வருகிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

மெல்ல மெல்ல வரும் தொழில் நோய்க்கு, துறைமுகச் சட்டத்தில் கணக்கு வேறு. நோய்க்கும் வேலைக்கும் தொடர்பு இருப்பதும், அதனால் உடல் முடங்கியிருப்பதும் தெரிந்த நாளிலிருந்து தகவல் சொல்ல 1 வருடம், மனுவுக்கு 2 வருடம். இரைச்சலில் காது மந்தமானவருக்கோ, செவிப் பரிசோதனை வரைபடமும் அதன் அறிக்கையும் கைக்கு வரும்வரை கெடு தொடங்குவதே இல்லை.